வாயில்லா மனிதரும் பாண்டிய நாட்டுத் திறைமுறையும்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. மல்லிகைச் சரமும் காப்பிப்பொடியும் ஒருசேர மணக்கும் அதன் தெருக்களை மெகஸ்தனிஸ் கண்டிருந்தால், தம் கூற்றுக்குச் சான்று கிடைத்ததென மகிழ்ந்திருப்பார். கங்கை பிறக்குமிடத்தருகே வாயே இல்லாத மனிதர் வாழ்கின்றனர். பூ, கனி ஆகியவற்றின் மணத்தையும் வாட்டிய இறைச்சியின் ஆவியையும் நுகர்ந்தே அவர்கள் உயிர்தரிக்கின்றனர் என்று எழுதியவர் அவர். அவர்களுள் சிலர் சந்திரகுப்த மௌரியரிடம் அழைத்துவரப்பட்டனராம். ஆனால் தீநாற்றம் ஆகாதாகையால், படைப்பாசறையில் அவர்கள் பிழைத்திருப்பதே அரிதாம்!

மெகஸ்தனிஸ், பொ.ஆ.மு. 300ஐ ஒட்டிச் செலூக்கஸின் தூதராகப் பாடலிபுத்திரம் வந்த கிரேக்கர். அவரது 'இண்டிகா' முழுமையாகக் கிடைக்கவில்லை. பிற்காலத்தார் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. இந்தியாவைப் பற்றி எழுதியோருள் பெரும்பாலோர் பொய்யர் என்று சாடிய ஸ்ட்ராபோ, அவ்வரிசையில் டெய்மாக்கஸுக்கு முதலிடமும் மெகஸ்தனிஸுக்கு இரண்டாமிடமும் அளித்தார். வேடிக்கை யாதெனில், அந்தப் 'பொய்யரின்' எழுத்தை நமக்குக் காத்துத் தந்தோருள் ஸ்ட்ராபோவும் ஒருவர். எஞ்சிய பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்த மெக்கிரிண்டில், பாடலிபுத்திரம் இருந்த அதே பாட்னாவில் அரசுக் கல்லூரி முதல்வராக இருந்தவர். அவரது நூல் 1877இல் கல்கத்தாவில் வெளிவந்தது.

பாண்டியர் வரலாற்றை எழுதுவோர் இந்நூலைத் தவிர்க்க இயலாது. ஹெராக்ளிஸ் தம் மகள் பாண்டையாவுக்கு ஒரு நாட்டையும் 500 யானைகளையும் 4,000 குதிரைகளையும் 1,30,000 காலாட்படையினரையும் அளித்தார் என்று மெகஸ்தனிஸ் கூறியதாக அரியன் எழுதுகிறார். அந்நாடு தெற்கே கடல்வரை பரந்தது என்றும், அதன் 365 ஊர்கள் நாளுக்கு ஓர் ஊராக முறைவைத்து அரசிக்குத் திறை செலுத்தின என்றும் பாலியேனஸ் குறிக்கிறார். இக்குறிப்பும் மெகஸ்தனிஸுடையதாகவே தொகுக்கப்பட்டுள்ளது. நாள்காட்டியைக் கொண்டு நாட்டைப் பங்கிட்ட கதை இது என நகைத்து ஒதுக்கவே தோன்றும்.

ஆனால் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், அரண்மனையின் காலை முரசொலி கேட்ட மாதரி, அன்று நெய் அளக்கும் முறை தங்களுடையது என்று மகள் ஐயையை அழைத்துக்கொண்டு, கயிறும் மத்தும் ஏந்தி வருகிறாள். மதுரையின் ஆயர்குடியிலும் அரண்மனைக்கு முறைவைத்தே பொருள் சென்றது. வரலாற்றறிஞர் முன்னரே சுட்டிய ஒப்புமை இது. இரு நூல்களுக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி இருத்தலின், ஒன்று மற்றொன்றை மெய்ப்பிப்பதாகக் கொள்ளலாகாது. எனினும், முறைத்திறை என்பது கிரேக்கரின் வெறுங்கற்பனை என்று தள்ளவும் இயலாது.

கண்டதையும் கேட்டதையும் ஒரே ஏட்டில் எழுதியவர் மெகஸ்தனிஸ். வாயில்லா மனிதரைச் சொன்ன அந்த ஏடே, தமிழகத்துக்கு வெளியே பாண்டியர் பெயரைப் பதித்த மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றையும் தாங்கி நிற்கிறது.