அடாப்டர் மாட்டினா எந்த ஸ்டேஷன்லயும் ஃபாஸ்ட் சார்ஜ் ஏறுமா? மின்சார கார் வைத்திருப்போர் கவனத்துக்கு!

குமரி மாவட்டம் இனயத்திலிருந்து மின்சார காரில் திருவனந்தபுரம் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியில் சார்ஜ் குறைகிறது. ஸ்டேஷனில் காலியாக இருக்கும் கன், காருக்குப் பொருந்தவில்லை. ‘ஒரு அடாப்டர் வாங்கிப் போட்டா போச்சு’ன்னு தோணும். ஆனால், ஃபாஸ்ட் சார்ஜில் அது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. ஏன்?

ஏன் இத்தனை வகை கன்?

2018 டிசம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல், பொது ஸ்டேஷன்களில் சிசிஎஸ், சாடெமோ, டைப் 2, பாரத் டிசி, பாரத் ஏசி என 5 வகை வசதி கேட்டது. 2019 அக்டோபரில் இது தளர்த்தப்பட்டது. இன்று நம்மூரில் விற்கும் கார்களில் ஃபாஸ்ட் சார்ஜுக்குப் பெரும்பாலும் சிசிஎஸ்2 தான். பழைய ஸ்டேஷன்களில் மற்ற கன்களும் இருக்கலாம்.

அடாப்டர் எதை மாற்றும்?

சாதாரண அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். இந்த மூன்றையும் மாற்றாது:

* வோல்டேஜ்: பாரத் டிசி-001 கன், மஹிந்திரா இ-வெரிட்டோ போன்ற 72 வோல்ட் கார்களுக்கானது, அதிகபட்சம் 15 கிலோவாட். நெக்ஸான் இவி பேட்டரி 300 வோல்ட்டுக்கும் மேல். மாட்டினாலும் ஏறாது.
* ஏசி, டிசி: டைப் 2 கன் தருவது ஏசி. அதை டிசியாக்குவது காருக்குள் இருக்கும் சார்ஜர். அதன் திறன் 7.2 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் கன்னில் போட்டாலும் 7.2 தான்.
* பேச்சுவார்த்தை: ‘எவ்வளவு கரன்ட் வேணும்?’ என்று காரும் சார்ஜரும் பேசிக்கொண்ட பிறகே டிசி பாயும். சிசிஎஸ் பேசும் மொழி வேறு, சாடெமோ பேசும் மொழி வேறு.

அப்போ அமெரிக்காவில் மட்டும் எப்படி?

2024-ல் ஃபோர்டு கார்கள் அடாப்டர் மூலம் டெஸ்லா சூப்பர்சார்ஜரில் சார்ஜ் ஏற்றத் தொடங்கின. அங்கே பிளக் வடிவம்தான் வேறு. அந்த சார்ஜர்கள் சிசிஎஸ் மொழியிலும் பேசும். அதோடு, அது கார் நிறுவனமே தந்த அடாப்டர்.

ஆபத்து எங்கே?

200 ஆம்பியர் பாயும்போது, இணைப்பில் வெறும் 1 மில்லி ஓம் தடை கூடினாலே 40 வாட் சூடு பிறக்கும். கிட்டத்தட்ட ஒரு பற்றவைக்கும் கோல் அளவு! இனயம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று பின்களை அரிக்கும். தடை இன்னும் கூடும். சூட்டைக் கண்டறியும் சென்சாரும் பூட்டும் இல்லாத மலிவு அடாப்டர் உருகலாம், தீப்பிடிக்கலாம். டிசி ஓடும்போது பிடுங்கினால் தீப்பொறி எளிதில் அணையாது.

என்ன செய்யலாம்?

* கிளம்பும் முன் ஆப்பில் ‘சிசிஎஸ்2’ என்று தேர்வு செய்து ஸ்டேஷனைப் பாருங்கள். மாற்று ஸ்டேஷன் ஒன்றையும் குறித்து வையுங்கள்.
* கார் நிறுவனம் அனுமதிக்காத டிசி அடாப்டர் வேண்டவே வேண்டாம்.
* அவசரத்துக்கு காருடன் வந்த போர்ட்டபிள் சார்ஜரை, எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் சாக்கெட்டில் போடலாம். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஊர் போய்ச் சேரலாம்.