பெட்டியில் அச்சிட்ட வேகம்

கலிபோர்னியாவிலுள்ள ஸான் ஹோஸே நகரில், ரெய்னால்ட் ஜான்ஸன் என்பவரின் தலைமையில் ஐ.பி.எம். கம்பெனிப் பொறியாளர்கள் ஓர் அதிசய யந்திரத்தைச் செய்து முடித்தார்கள். 1956-இல் உலகுக்கு அறிமுகமான அந்த யந்திரத்துக்கு 'ராமாக்' என்று பெயர். அதன் நினைவுப் பெட்டியில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கடுக்காகச் சுழன்றன. எடை ஏறக்குறைய ஒரு டன். அத்தனை பெரிய உடம்புக்குள் அடங்கியவை 50 லட்சம் எழுத்துக்களே! நொடிக்கு 8,800 எழுத்துக்கள் வீதம் அது படித்துக் கொடுத்தது.

இன்று சட்டைப் பையில் அடங்கும் ஹார்ட் டிஸ்க்கும் அந்த ராமாக்கின் பேரப்பிள்ளைதான். உள்ளே அதே சுழலும் தட்டு. அதன்மேல் அங்குமிங்கும் தாவும் அதே ஊசிமுனை. வெளியே ஒரு கம்பி. வேகத்தைப் பற்றிய வழக்கெல்லாம் இந்தக் கம்பிக்கும் தட்டுக்கும் நடுவில்தான்.

கம்பியின் கதை 1996-இல் தொடங்குகிறது. ஏழு நிறுவனங்கள் கூடி யு.எஸ்.பி. என்ற பொது இணைப்பை வகுத்தன. அந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர், பரோடாவில் படித்த அஜய் பட். அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000-இல் அது 480 ஆயிற்று; 2008-இல் 5,000 ஆயிற்று.

இங்கேதான் வாசகர்கள் சற்று விழித்துக்கொள்ள வேண்டும். பிட் வேறு, பைட் வேறு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 480 என்பது 60 மெகாபைட்தான். அதிலும் கம்பி தன் சம்பிரதாயங்களுக்கு எடுத்துக்கொண்டது போக, கைக்கு வருவது 30 முதல் 40 வரை. 5,000 என்பதிலோ, ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக்கி அனுப்புவதால், மிஞ்சுவது 500 மெகாபைட்.

அந்த 500-ஆவது கிடைக்குமா? கிடைக்காது. இப்போது தடை கம்பியல்ல, தட்டு. நிமிஷத்துக்கு 5,400 தடவை சுழலும் தட்டு நொடிக்குச் சுமார் 120 மெகாபைட் தரும். தட்டின் வெளி விளிம்பில் வேகம் கூடும்; உள்ளே செல்லச் செல்லக் குறையும். ஆயிரக்கணக்கான சிறு படங்களானால், ஊசிமுனை இடம் தேடி அலைவதிலேயே பொழுது போய்விடும். அகலமான ராஜபாட்டை போட்டுவிட்டால் கட்டைவண்டி பறந்துவிடுமா?

ஒரு கணக்குப் பாருங்கள். ராமாக் முழுவதையும் அதன் வேகத்தில் இடைவிடாது படித்தால் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இன்றைய 1 டெராபைட் தட்டை நொடிக்கு 120 மெகாபைட் வீதம் படித்தாலும் இரண்டேகால் மணிக்கு மேல் ஆகும். வேகம் பதின்மூவாயிரம் மடங்கு வளர்ந்தது உண்மைதான். கொள்ளளவோ இரண்டு லட்சம் மடங்கு வளர்ந்துவிட்டது. நாம் சேர்த்து வைக்கும் ஆசை, எடுத்துக் கொடுக்கும் ஆற்றலை முந்திக்கொண்டு ஓடுகிறது.

இது வெறும் வேடிக்கைக் கணக்கல்ல. கல்யாணப் படங்களும், காலமான பெரியவர்களின் குரலும் இன்று இந்தத் தட்டுகளில்தான் வாழ்கின்றன. பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி, அரை மணியில் முடியும் என்று எண்ணி, பொறுமையிழந்து கம்பியைப் பிடுங்குகிறவர் இழப்பது சில நிமிஷங்களை அல்ல; திரும்ப எடுக்க முடியாத முகங்களை. திரையில் 'முடிந்தது' என்று வந்த பிறகும், கடைசிச் சில எழுத்துக்கள் தட்டை அடையாமல் கம்ப்யூட்டரிலேயே தங்கியிருப்பதுண்டு. முறைப்படி விடை கொடுத்த பிறகே கம்பியைக் கழற்ற வேண்டும்.

புதிய கம்பிக்குப் பணம் கொடுக்கும் முன் உள்ளே சுழல்வது என்னவென்று கேளுங்கள். சுழலும் தட்டானால், 2008-ஆம் ஆண்டுக் கம்பியே அதற்கு ஏராளம்.