கரி சுரண்டிய காலம் - ஒரு எஞ்சின் வரலாறு

இன்றைக்கு ஒரு அழுக்கு விஷயத்தைப் பற்றிப் பார்க்கலாம். நிஜமாகவே அழுக்குதான். கார் எஞ்சினுக்குள் சேரும் கரி!

இப்போது சின்ன கார் வைத்திருப்பவர்களில் பலர் எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். பானட்டைத் திறந்து வைப்பர் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால் நிலைமை வேறு. கார் வாங்கியவரே ஸ்பேனரை எடுத்து, எஞ்சின் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் ஒட்டியிருக்கும் கரியைச் சுரண்டி எடுப்பார். இங்கிலாந்தில் இதற்கு 'டிகோக்' என்று செல்லப் பெயர். நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'டீகார்பனைஸ்' என்பார்கள்.

அந்த வேலை ஏன் இருந்தது, எப்படி மறைந்தது என்று தேடிப் போனால், இந்தக் கரிக்கதை ஈய விஷத்தில் போய் முட்டுகிறது. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

கரி எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கலவை. அது முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் மிஞ்சும். காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கரி மிஞ்சும். விறகடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை :-)

பழைய எஞ்சின்களில் கரி வேகமாகச் சேர முக்கியமாக மூன்று காரணங்கள். ஒன்று, அந்தக் காலத்து கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலக்கத் தெரியாது. பெரும்பாலும் பெட்ரோல் கூடுதலாகவே போகும். இரண்டு, பிஸ்டன் ரிங்குகள் இன்றைப் போல் நெருக்கமாக உட்காராது. கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறி எரியும். மூன்று, அந்த ஆயிலின் தரமே சுமார்தான்.

கரி சேர்ந்தால் என்ன நஷ்டம்? சிலிண்டருக்குள் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அது அடைத்துக்கொள்ளும். இடம் குறைந்தால் கலவை கூடுதலாக அழுத்தப்படும். போதாததற்கு, கரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில இடங்களில் அடுப்புக் கங்கு மாதிரி கனன்றுகொண்டே இருக்கும். ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே அந்தக் கங்கு கலவையைப் பற்ற வைத்துவிடும். இன்னொரு பக்கம், அதிக சூட்டிலும் அழுத்தத்திலும் கலவையின் கடைசிப் பகுதி தானாகவே வெடித்து 'டக் டக்' என்று இடிக்கும். இந்த இடிக்குத்தான் நாக்கிங் என்று பெயர். மேடு ஏறும்போது நன்றாகக் கேட்கும். விட்டுவிட்டால் பவர் குறையும், நாளடைவில் பிஸ்டனே ஓட்டையாகலாம்.

ஃபோர்டு சொல்லிக்கொடுத்த வேலை

1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி, ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது. அதை வாங்கியவர்களில் நிறைய பேர் விவசாயிகள். பக்கத்தில் மெக்கானிக் கடை கிடையாது. அந்தக் காலத்துப் பல கார்களில் சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பாக இருக்கும், உள்ளே கை வைப்பதே கஷ்டம். மாடல் டியிலோ ஹெட் தனியாகக் கழலும். 15 போல்ட்டுகளைக் கழற்றினால் போதும், பானை மூடியைத் திறந்த மாதிரி பிஸ்டன்கள் தெரியும்.

ஃபோர்டு கம்பெனி தந்த கையேட்டில், கரியை எப்படி எடுப்பது என்பதே ஒரு கேள்வி-பதிலாக இருந்தது. ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடு, ஹெட்டைக் கழற்று, பட்டிக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டு, துகள்கள் சிலிண்டருக்குள் விழாமல் பார்த்துக்கொள் என்கிற ரீதியில் போகும். டயர் மாற்றுவது போல இதுவும் ஓட்டுபவனின் கடமை என்றுதான் கம்பெனி நினைத்தது.

சுரண்டச் சோம்பல்பட்டவர்களுக்குக் குறுக்கு வழிகளும் இருந்தன. ராத்திரி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுவார்கள். சில கடைகளில் பிளக் ஓட்டை வழியாக ஆக்சிஜனைச் செலுத்திக் கரியை உள்ளேயே எரித்துவிடுவார்கள். ஓடும் எஞ்சினின் கார்புரேட்டரில் துளித்துளியாகத் தண்ணீர் விடுகிறவர்களும் உண்டு. நீராவி கரியை உதிர்த்துவிடும் என்பது கணக்கு. அளவு தப்பினால் கதை கந்தல். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆஸ்டின் 7-உம் மத்து கடைவதும்

இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பங்களுக்குக் காரை அறிமுகப்படுத்தியது 1922-ல் வந்த ஆஸ்டின் 7. எஞ்சின் வெறும் 747 சிசிதான். இதில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, பக்கவாட்டில் பிளாக்கில் இருந்தன. அதனால் ஹெட் என்பது கிட்டத்தட்ட ஒரு வார்ப்பிரும்பு மூடி மட்டுமே. வீட்டில் கழற்றி மாட்ட இதைவிட சுலபமான எஞ்சின் கிடைப்பது கஷ்டம். சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை டிகோக் செய்வது வழக்கமாக இருந்தது.

வேலையின் முறை சுவாரஸ்யமானது. ஒரு பிஸ்டனைச் சுரண்டும்போது மற்ற ஓட்டைகளில் துணியை அடைத்துவிட வேண்டும். அலுமினியப் பிஸ்டனாக இருந்தால் இரும்புக் கத்தி ஆகாது, கீறிவிடும். கெட்டியான மரத்துண்டோ பித்தளைத் தகடோதான் சரி. காஸ்டிக் சோடா கரைசலில் இரும்புப் பாகங்களை ஊறவைக்கலாம், அலுமினியத்தைப் போட்டால் அலுமினியமே கரைந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். பிஸ்டன் தலையின் ஓரத்தில் வளையம் போல் கொஞ்சம் கரியை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். தேய்ந்த எஞ்சினில் அந்தக் கரிதான் ஆயில் மேலே ஏறாமல் ஓரளவு தடுக்கும். முழுக்கச் சுத்தம் செய்தால் வண்டி புகை கக்கும்!

அடுத்து வால்வு. அதன் விளிம்பில் அரைப்புப் பசையைத் தடவி, ரப்பர் உறிஞ்சி வைத்த குச்சியை அதில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் மத்து கடைவது போல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். விளிம்பைச் சுற்றிச் சீரான சாம்பல் நிற வளையம் வந்தால் வால்வு நன்றாக மூடுகிறது என்று அர்த்தம். கடைசியில் புது கேஸ்கட் வைத்து, ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அந்தக் கேஸ்கட்டுகளில் செம்புத் தகட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது என்பதும், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன் என்பதும் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து சுரண்டியவர்களுக்குத் தெரியாது.

டேட்டன் நகரத்துக் கண்டுபிடிப்பு

சரி, இப்போது அமெரிக்காவின் டேட்டன் நகரத்துக்குப் போவோம். சார்லஸ் கெட்டரிங் என்பவர், 1912 கேடிலாக் காரில் வந்த செல்ஃப் ஸ்டார்ட்டருக்குச் சொந்தக்காரர். நாக்கிங் ஏன் வருகிறது, எப்படி நிறுத்துவது என்று ஆராயும் வேலையைத் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் எஞ்சினியரிடம் கொடுத்தார். மிட்ஜ்லி அயோடின், அனிலின் என்று ஏராளமான பொருட்களைப் பெட்ரோலில் கலந்து பார்த்தார். 1921 டிசம்பர் 9-ம் தேதி டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளியளவு கலந்ததும் இடிச்சத்தம் நின்றுவிட்டது. 1923 பிப்ரவரியில் டேட்டனிலேயே விற்பனை தொடங்கியது. வைத்த பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற சொல்லே அந்தப் பெயரில் கிடையாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈயம் கரியைச் சுத்தம் செய்யவில்லை. கரியால் வந்த இடிச்சத்தத்தை அடக்கியது, அவ்வளவுதான். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு, நோயை அப்படியே விட்ட மாதிரி. ஆனால் கம்பெனிகளுக்கு வேறொரு பெரிய லாபம் இருந்தது. இடிக்காது என்றால் கம்ப்ரெஷனைக் கூட்டலாம். அதே அளவு எஞ்சினில் அதிக பவர் எடுக்கலாம்.

அழுக்கு இடம் மாறியது

ஈயம் எரிந்த பிறகு என்ன ஆகும்? ஈய ஆக்சைடாக மாறி பிளக்கிலும் எக்ஸாஸ்ட் வால்விலும் படிந்தது. கரிக்கு மேல் இன்னொரு அழுக்கு! இதற்கு மிட்ஜ்லி குழு கண்டுபிடித்த வழி, எத்திலீன் டைபுரோமைடு என்ற புரோமின் சேர்மத்தையும் கூடவே கலப்பது. அது ஈயத்தை எளிதில் ஆவியாகும் ஈய புரோமைடாக மாற்றி, சைலன்சர் வழியாக வெளியே தள்ளிவிடும். இதற்குத் தேவைப்பட்ட புரோமினைக் கடல் நீரிலிருந்து எடுக்க 1934-ல் வட கரோலினாவின் கியூர் பீச்சில் ஒரு தொழிற்சாலையே இயங்கத் தொடங்கியது.

யோசித்துப் பாருங்கள். எஞ்சின் சுத்தமானது, உண்மைதான். அந்த அழுக்கு எங்கே போனது? தெருவுக்கு. அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்த எல்லோருடைய ரத்தத்துக்கும் போனது. கையால் சுரண்டிய கரியை ஒரு பழைய பேப்பரில் மடித்து எறிந்துவிடலாம். காற்றில் கலந்த ஈயத்தை எந்தக் கத்தியால் சுரண்டுவது?

ஈயம் விஷம் என்பது அப்போது தெரியாத விஷயம் இல்லை. 1923-ன் தொடக்கத்திலேயே மிட்ஜ்லிக்கே ஈய பாதிப்பு வந்து ஓய்வெடுக்கப் போனார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கிப் போனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த மாதக் கடைசியில் மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்து, முகர்ந்தும் காட்டினார். ஆபத்தில்லையாம்!

1925 மே மாதம் அரசு ஒரு மாநாடு கூட்டியது. தொழிற்சாலை நோய்களில் நிபுணரான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், ஏல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சன் ஆகியோர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பதும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் 1926-ல் விற்பனை மறுபடி தொடங்கியது.

பிறகு பல வருடங்கள் ஓடின. பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பாட்டர்சன், தன் சோதனைச்சாலை முழுக்க ஈயம் படிந்து கணக்கைக் கெடுப்பதைப் பார்த்து அது எங்கிருந்து வருகிறது என்று தேடினார். 1965-ல் அவர் எழுதிய கட்டுரை, தொழிற்சாலைக் காலத்து மனித உடலில் இயற்கை அளவைவிடப் பல மடங்கு ஈயம் இருக்கிறது என்று சொன்னது. 1975 முதல் அமெரிக்கக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. ஈயம் பட்டால் அது பாழாகிவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. பெட்ரோலிலும் உணவு டின்களிலும் ஈயம் குறையக் குறைய, அமெரிக்கர்களின் ரத்தத்தில் சராசரி ஈய அளவு, 1976-80க்கும் 1988-91க்கும் இடையில், டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமிலிருந்து 2.8 ஆக இறங்கியது.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் தொடங்கி, 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. உலகிலேயே கடைசியாகக் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற நாடு அல்ஜீரியா. அங்கே 2021 ஜூலையில் நின்றது. ஆக மொத்தம் சுமார் நூறு வருடம்.

கரி என்ன ஆனது?

கரியை உண்மையில் குறைத்தது சாதுவான வேலைகள்தான். அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ளும் டிடர்ஜென்ட் ஆயில்கள், 1950-களிலிருந்து பெட்ரோலில் கலந்த டிடர்ஜென்ட்கள், நல்ல பிஸ்டன் ரிங்குகள், கடைசியாகக் கம்ப்யூட்டர் அளந்து ஊற்றும் எரிபொருள் இஞ்செக்ஷன். அமெரிக்காவில் 1995 முதல் பெட்ரோலில் டிடர்ஜென்ட் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே வந்தது.

ஆனாலும் கரி விடுவதாக இல்லை. 1996-ல் மிட்சுபிஷி ஜிடிஐ எஞ்சின் மூலம், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை பரவத் தொடங்கியது. மைலேஜ் நல்லது. ஆனால் பழைய முறையில் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருக்கும். இதில் அந்தக் குளியல் கிடையாது. ஆயில் ஆவி படிந்து வால்வு கறுத்துவிடும். அதை எடுக்க வால்நட் ஓட்டைப் பொடித்து காற்றோடு பீய்ச்சுகிறார்கள். நூறு வருடம் கழித்து மறுபடியும் சுரண்டல்!

வீட்டில் சின்ன கார் வைத்திருப்பவர்கள் இன்று ஹெட்டைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. காலத்தில் ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் கவனிப்பது, த்ராட்டில் பாடியை அதற்கான திரவத்தால் துடைப்பது, எப்போதாவது ஹைவேயில் எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி ஓட்டுவது - இவை போதும். தண்ணீர் ஊற்றும் வித்தை மட்டும் வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. அன்று ஓரங்கட்டப்பட்ட ஆல்கஹால், 2025-ல் நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனாலாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய வண்டிகளுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று விவாதம் நடக்கிறது. நடக்கட்டும், நல்லதுதான். 1926-க்குப் பிறகு இதே மாதிரி பொதுவில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்திருந்தால், ஈயம் அத்தனை வருடம் நம் மூச்சில் இருந்திருக்காது. எஞ்சினைச் சுத்தமாக்குகிறேன் என்று யாராவது ஒரு பாட்டிலை நீட்டினால், 'அந்த அழுக்கு எங்கே போகும்?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.