மின்னணுக் கடவுச்சீட்டு: சில்லும் அந்தரங்கமும்

மின்னணுக் கடவுச்சீட்டு (இ-பாஸ்போர்ட்) என்பது அட்டையிலோ தகவல் பக்கத்திலோ ஒரு நுண்சில்லையும் மெல்லிய ஆண்டெனாவையும் பொதித்து வைத்த பாஸ்போர்ட். சில்லுக்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எழுப்பும் புலத்திலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன்னிடமுள்ள பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முகப்படம் ஆகியவற்றைச் சொல்லும். சில நாடுகளில் விரல்ரேகையும் அதற்குள் இருக்கிறது. போலியைப் பிடிக்க வந்த ஏற்பாடுதான் இது. ஆனால் தொடாமலே படிக்கலாம் என்ற வசதி, யார் வேண்டுமானாலும் படித்துவிடலாமோ என்ற அச்சத்தையும் கூடவே கொண்டுவந்தது.

சில்லு வைத்த பாஸ்போர்ட்டை உலகில் முதலில் வழங்கிய நாடு மலேசியா, ஆண்டு 1998. மற்ற நாடுகள் அப்போது அவசரம் காட்டவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நிலைமை மாறியது. விசா இல்லாமல் வர அனுமதி பெற்ற நாடுகள் சில்லு பாஸ்போர்ட்டுக்கு மாறியாக வேண்டும் என்று அமெரிக்கா 2002இல் சட்டம் இயற்றியது. 2004 அக்டோபர் என்று வைத்த கெடு இரண்டு முறை தள்ளிப்போய் 2006 அக்டோபரில் நின்றது. இதற்கிடையே பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, முகப்படத்தை முதன்மை அடையாளமாகவும் தொடாமல் படிக்கும் சில்லைப் பொது ஊடகமாகவும் ஏற்றது. அதன் 9303ஆம் எண் ஆவணமே இன்றுவரை எல்லா நாடுகளுக்கும் விதிநூல்.

அந்தரங்கம் பற்றிய பெரிய மோதல் 2005இல் அமெரிக்காவிலேயே வெடித்தது. அந்நாட்டு வெளியுறவுத் துறையின் முதல் திட்டத்தில் சில்லுக்குப் பூட்டே இல்லை. அச்சிட்ட பக்கத்தில் உள்ளதைத்தானே சில்லும் சொல்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்பது ஒரு வாதம். பத்து சென்டிமீட்டருக்கு மேல் படிக்க முடியாது என்பது இன்னொன்று. முதல் வாதம் கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அச்சிட்ட பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் நாம் எடுத்து நீட்ட வேண்டும். சில்லு நம்மைக் கேட்காமலே பேசிவிடும். இரண்டாம் வாதத்தை அந்த ஏப்ரலில் சியாட்டில் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தைச் சேர்ந்த பேரி ஸ்டைன்ஹார்ட் உடைத்தார். சுமார் ஒரு மீட்டர் தள்ளியிருந்தே சில்லைப் படித்துக் காட்டினார். துறையின் அதிகாரி ஃபிராங்க் மாஸ் அப்போது அந்த அரங்கிலேயே இருந்தார். வரைவு விதி குறித்து வந்த 2,335 கருத்துகளில் 98.5 விழுக்காடு எதிர்ப்பு. அக்டோபரில் வந்த இறுதி விதியில் மூன்று காப்புகள் சேர்ந்திருந்தன: அட்டைக்குள் அலையைத் தடுக்கும் உலோக இழை, சில்லுக்கு ஒரு பூட்டு, ஒவ்வொரு முறையும் மாறும் அடையாள எண். 2006 ஆகஸ்டில் பொதுமக்கள் கைக்கு வந்தது இந்தத் திருத்திய வடிவம்தான்.

அந்தப் பூட்டின் பெயர் அடிப்படை அணுகல் கட்டுப்பாடு. அதன் சாவி பாஸ்போர்ட்டுக்குள்ளேயே அச்சாகியிருக்கிறது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் கருவி பக்கத்திலிருந்து படித்து, அவற்றிலிருந்து சாவியைக் கணக்கிட்டு, பிறகே சில்லோடு பேசும். திறந்து காட்டினால்தான் திறக்கும் என்பது எண்ணம். ஆனால் தேதிகள் ஊகிக்கக்கூடியவை. எண்களும் பல நாடுகளில் வரிசையாகவே ஓடின. நெதர்லாந்தில் எண்ணுக்கும் வழங்கிய காலத்துக்கும் இருந்த தொடர்பைப் பிடித்து, ஒட்டுக்கேட்ட உரையாடலின் பூட்டைச் சாதாரணக் கணினியில் சுமார் இரண்டு மணி நேரத்தில் உடைக்கலாம் என்று ரிஸ்க்யூர் என்ற நிறுவனம் காட்டியது. 2007இல் பிரிட்டனில் ஆடம் லாரி, உறையைப் பிரிக்காமலே தபாலில் வந்த ஒரு புதிய பாஸ்போர்ட்டின் சில்லைப் படித்தார். நம் ஊரில் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. தங்கும் விடுதி, பயண முகவர், வங்கி என்று கேட்ட இடத்தில் எல்லாம் தகவல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறோம். அந்த நகலில் மூன்று விவரங்களும் இருக்கின்றன.

பிரான்ஸ் பாஸ்போர்ட்டில் வேறு வகைக் கோளாறு இருந்தது. பழைய உரையாடல் ஒன்றைப் பதிவு செய்து திரும்ப அனுப்பினால், அதே பாஸ்போர்ட் ஒரு பிழைச் செய்தியும் வேறு பாஸ்போர்ட் இன்னொரு பிழைச் செய்தியும் தந்தன. மற்ற நாட்டுச் சில்லுகளிலும் பதில் வரும் நேரத்தில் நுண்ணிய வித்தியாசம் தெரிந்தது. ஆக, ஒருவரின் பெயரோ படமோ தெரியாமலே அவர் இந்த வாசலைக் கடந்தாரா என்று கண்டுபிடிக்கலாம். 2010இல் இதை வெளியிட்டவர்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் டாம் சோத்தியாவும் விட்டாலி ஸ்மிர்னோவும்.

படிப்பது ஒரு கவலை என்றால் நகலெடுப்பது மற்றொன்று. 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர் லூகாஸ் கிரூன்வால்ட் தம் நாட்டுச் சில்லின் தரவை அப்படியே வேறொரு சில்லுக்கு மாற்றிக் காட்டினார். 2008இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போல் விமான நிலையத்தின் சுயசேவைக் கருவி ஒன்று, எல்விஸ் பிரெஸ்லியின் பெயரும் படமும் ஏற்றிய சில்லைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டது. செத்து முப்பது ஆண்டான பாடகர்! அது எல்லைச் சோதனைக் கருவி அல்ல என்பது உண்மைதான். ஆயினும் காரணம் கவனிக்கத்தக்கது. சில்லின் தரவில் அதை வழங்கிய அரசின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் ஒத்துப்போகாது. ஆனால் அதைச் சரிபார்க்க எல்லா நாடுகளின் பொதுச் சாவிகளும் கருவியிடம் இருக்க வேண்டும். அவற்றைப் பகிர்ந்துகொள்ள 2007இல் ஒரு பன்னாட்டுப் பட்டியல் தொடங்கியும் நாடுகள் மெதுவாகவே சேர்ந்தன. மற்றவர்களை மிரட்டிச் சில்லு வைக்கச் சொன்ன அமெரிக்காவே தன் எல்லையில் இந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலாத நிலையில் இருந்ததை அதன் செனட்டர்கள் இருவர் 2018இல் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டினர். என் பார்வையில், வழியில் போகிறவன் சில்லைப் படிப்பான் என்பதைக் காட்டிலும் படிக்க வேண்டியவர் முழுதாகப் படிக்கவில்லை என்பதே இந்த வரலாற்றின் பெரிய ஓட்டை.

ஐரோப்பிய ஒன்றியம் 2004 டிசம்பரில் இயற்றிய ஒழுங்குமுறையால் முகப்படமும், 2009 ஜூனுக்குள் இரண்டு விரல்ரேகைகளும் கட்டாயமாயின. ரேகையைப் படிக்க, வழங்கிய நாடு சான்றளித்த கருவி தேவை. கேள்வி அத்துடன் சில்லைத் தாண்டிச் சென்றது: எடுத்த ரேகையை அரசு எங்கே வைத்துக்கொள்கிறது? ஜெர்மனி பாஸ்போர்ட்டைக் கொடுத்ததும் அழித்துவிடுகிறது. நெதர்லாந்து சேமித்துவைக்கத் தொடங்கி, எதிர்ப்பு வலுத்ததும் 2011இல் கைவிட்டது. ஜெர்மனியின் போகம் நகரத்திலிருந்து போன வழக்கில் ஒன்றிய நீதிமன்றம் 2013 அக்டோபரில் ரேகை எடுப்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஒழுங்குமுறை மையச் சேமிப்புக்கு அடிப்படை தரவில்லை என்றும் சேர்த்துக்கொண்டது. பழைய பூட்டோடு கூடவே வலுவான சாவிப் பரிமாற்ற முறை 2014 முதல் ஐரோப்பியப் பாஸ்போர்ட்டுகளில் வந்தது.

இந்தியாவின் முதல் மின்னணுப் பாஸ்போர்ட் 2008 ஜூனில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலுக்கு வழங்கப்பட்டது. பல ஆண்டுகள் அது தூதரக, அரசு அலுவலர் வட்டத்திலேயே நின்றது. 2024 ஏப்ரலில் நாக்பூரிலும் புவனேஸ்வரிலும் பொதுமக்களுக்கான முன்னோட்டம் தொடங்கி, 2025 மார்ச்சில் சென்னை மண்டல அலுவலகத்துக்கு வந்தது. முன்னட்டையின் கீழே தங்க நிறத்தில் உள்ள சிறு சின்னமே அடையாளம். கையில் இருக்கும் பழைய பாஸ்போர்ட் அதன் காலாவதித் தேதிவரை செல்லும். அதற்கு முன் மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.