நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்கள்

தமிழகத்தில் கிடைத்துள்ள சோழர் காலப் பௌத்தச் செப்புத் திருமேனிகளுள் பெரும்பாலானவை நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து வெளிப்பட்டவை. 1856 தொடங்கி 1930கள் வரை அங்குக் கண்டெடுக்கப்பட்ட ஏறத்தாழ 350 படிமங்களுள் பல சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றை விரிவாக ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூல் 1954இல் வெளிவந்தது. நாகப்பட்டினத்து விகாரையை எழுப்பியது கடல் கடந்த அரசொன்றின் பொருள் என்றாலும், அங்கு வழிபடப்பெற்ற படிமங்கள் தமிழ்க் கைவினையிலும் தமிழ்க் கோயில் வழக்கத்திலும் வேரூன்றியவை என்பதை அவற்றின் வடிவமும் பீடத்து எழுத்துகளும் ஒருசேர உணர்த்துகின்றன.

ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் எழுப்பிய சூளாமணி விகாரைக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடப்படும் இறையிலியாக அளித்தான். இன்று லெய்டன் செப்பேடுகள் எனப்படும் பட்டயம் இச்செய்தியை வடமொழியிலும் தமிழிலும் பதிவு செய்கிறது. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்துக்குட்பட்ட கடாரத்தின் மீது போர் தொடுத்த பின்னரும் விகாரை பேணப்பட்டது என்பதற்கு, 1090இல் முதலாம் குலோத்துங்கன் வழங்கிய சிறிய லெய்டன் செப்பேடு சான்றாகும்.

இப்படிமங்கள், சைவ, வைணவத் திருமேனிகளைப் போலவே, மெழுகு வார்ப்பு முறையில் உருவானவை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளும் இம்முறையில், தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவத்தை முழுமையாகச் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாக இட்டு, அதற்கும் மேல் தடித்த மண்ணைப் பூசி உலர்த்திச் சூடாக்க, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படுகிறது. குளிர்ந்தபின் அச்சை உடைத்தே படிமத்தை எடுக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு படிமமும் தனித்த ஆக்கமாகிறது.

உருவங்களை அடையாளம் காண்பதற்குத் தலையும் கையும் முதன்மையானவை. புத்தரின் உச்சிமுடிமேல் எழும் சுடர் ஞானத்தின் ஒளியைக் குறிப்பதாகும். நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்களின் முக்கிய அடையாளமும் இதுவே. உயர்ந்த வலக்கை அஞ்சேல் என அருளும் அபய முத்திரையில் அமைய, சில படிமங்களில் இருபுறமும் நாக அரசர்கள் கவரி ஏந்தி நிற்கின்றனர். இனி வரவிருக்கும் புத்தராகிய மைத்திரேயரை மகுடத்தில் உள்ள சிறு தூபியாலும், கருணையின் வடிவான அவலோகிதேசுவரரை மகுடத்தில் அமர்ந்த அமிதாப புத்தராலும் இனங்காணலாம். மகுடமும் அணிகலன்களும் பூண்ட இப்போதிசத்துவர்களின் உடற்கட்டிலும் ஆடை மடிப்பிலும் சோழர் காலச் சிற்ப மரபு தெளிவாகப் புலப்படுகிறது.

தமிழ் மரபோடு இப்படிமங்களுக்குள்ள உறவு வடிவத்தோடு நிற்கவில்லை. நியூயார்க்கின் ஆசியா சொசைட்டியில் உள்ள நாகப்பட்டினத்துப் புத்தர் படிமமொன்றின் பீடத்துத் தமிழ் எழுத்துப் பொறிப்பு, இராசேந்திரசோழப் பெரும்பள்ளியைச் சார்ந்த அக்கசாலைப் பெரும்பள்ளியின் பெயரைச் சொல்லி, அங்குள்ள நாயகரின் திருவிழாவில் எழுந்தருளச் செய்வதற்கென அமைந்த திருமேனி அது என்று தெரிவிக்கிறது. அக்கசாலை என்பது பொற்கொல்லர் முதலான கம்மியர் பணியிடமாதலால், கைவினைஞரோடு தொடர்புடைய பள்ளியொன்று அங்கு விளங்கியது என்பதும், சிவனும் திருமாலும் வீதியுலா வந்த அதே காலத்தில் புத்தரும் உற்சவராக உலா வந்தார் என்பதும் இதனால் விளங்குகின்றன.

புதுவெளிக் கோபுரம் என வழங்கிய, மாலுமிகளுக்குக் கரை காட்டி நின்ற, விகாரையின் எச்சமாகக் கருதப்படும் பழைய செங்கற் கோபுரத்தை இயேசு சபையினர் அரசின் ஒப்புதலோடு 1867இல் இடித்ததால், படிமங்களைச் சூழ்ந்திருந்த கட்டடச் சான்று பெரிதும் அழிந்துபோயிற்று. ஆகவே நாகப்பட்டினத்துப் பௌத்தர்களின் வழிபாட்டு வாழ்வை அறிய எஞ்சியுள்ள முதன்மைச் சான்று இப்படிமங்களே. இவற்றைக் கலைப்பொருள்களாக மட்டும் காணாது, பீடத்து எழுத்தோடும் விழா வழக்கோடும் சேர்த்துப் பயிலும்போதுதான், தமிழர் சமய வரலாற்றில் பௌத்தத்துக்குரிய இடம் முழுமை பெறும்.