சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் கட்டடங்கள்: தேவையும் விரயமும்

கட்டடக் கழிவு என்றவுடன் இடிபாடுகளே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் விரயம், கட்டடத்தின் அளவையும் பொருளையும் முடிவுசெய்யும்போதே தொடங்கிவிடுகிறது. தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையே அமைந்த சிட்லிங்கியின் அண்மை வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் இப்பள்ளத்தாக்கிலிருந்து 1990களின் தொடக்கத்தில் மருத்துவமனைக்குச் செல்ல 48 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தது. பிறக்கும் குழந்தைகளுள் ஆயிரத்துக்கு 147 பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ஆகியோர் இங்கு ‘ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ அமைப்பைத் தொடங்கினர். ஊர் மக்கள் கட்டிய சிறு கூரைக் குடிசையே முதல் மருத்துவமனை. மூன்று ஆண்டுகள் அதிலேயே மகப்பேறும் அறுவை மருத்துவமும் நடைபெற்றன. 1996இல் 10 படுக்கைகள் கொண்ட கட்டடம் எழுந்தது. பின்னர் அது 35 படுக்கைகளாக விரிந்தது. குழந்தை இறப்பும் ஆயிரத்துக்கு 20 என்ற அளவுக்குக் குறைந்தது.

இவ்வளர்ச்சியில் பணி முன்னே சென்றது. கட்டடம் அதனைத் தொடர்ந்தது. பயன்படாத அறைக்குச் செலவாகும் செங்கல்லும் சிமெண்டும் விரயமே. அதே வேளையில், குடிசையின் எளிமையை மட்டும் போற்றுவதும் பொருந்தாது. அறுவை மருத்துவத்துக்குக் கழுவத்தக்க தரையும் உறுதியான கூரையும் தேவை. சிக்கனம் என்பது தேவையை மறுப்பதன்று, தேவையை அளந்தறிவதாகும்.

அளவை அடுத்துப் பொருள் குறித்த வினா எழுகிறது. கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இதற்கு வழிகாட்டினார். அவர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டுமுறையில் செங்கற்கள் பக்கவாட்டில் நிறுத்தப்பட்டுச் சுவருக்குள் வெற்றிடம் விடப்படுகிறது. இதனால் செங்கல் தேவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கிறது.

மூன்றாவது வினா, கட்டடத்தைச் செப்பனிடத் தெரிந்தவர் யார் என்பதாகும். கட்டடக்கலை பயின்ற இணையர் சிட்லிங்கியில் தொடங்கிய ‘துளிர்’ கல்வி மையத்தில் ஊர் இளைஞர்கள் மண், மூங்கில் கட்டுமானத்தைச் செய்து கற்றனர். பழுது நீக்கும் கை ஊரிலேயே இருந்தால் சுவரின் ஆயுள் நீள்கிறது. இடிக்கும் நாள் தள்ளிப்போகிறது.

நகரங்கள் இடிபாடுகளைக் கொட்ட இடம் தேடும் இக்காலத்தில், கட்டுவதற்கு முன்பே எவ்வளவு, எதனால், யார் கையால் என வினவுவதே கழிவுக் குறைப்பின் முதற்படி என்பதனைச் சிட்லிங்கி வழி அறியலாம்.