இளவயது மறதிநோய்

இளவயது மறதிநோய் என்பது 65 வயதை எட்டுமுன் தொடங்கும் மறதிநோய்களைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இது தனியொரு நோயன்று. மூளையின் நரம்பணுக்களைப் படிப்படியாக அழிக்கும் பல நோய்கள் இப்பெயரில் அடங்கும். 65 என்ற எல்லைக்கு உடலியல் அடிப்படை ஏதுமில்லை. பல நாடுகளில் அது பணி ஓய்வு வயதாக இருந்தமையால் மருத்துவ வழக்கிலும் நிலைத்தது. எனினும் நோயாளியின் வாழ்க்கையைப் பொறுத்தவரை இவ்வெல்லை பொருளுடையதே. இந்நோய்க்கு ஆளாகுபவர் பெரும்பாலும் வேலையில் இருப்பவர், வீட்டுக் கடன் கட்டுபவர், பிள்ளைகளைப் படிக்கவைப்பவர், முதிய பெற்றோரைப் பேணுபவர். 2021 ஆம் ஆண்டு வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, உலகில் 30 முதல் 64 வயது வரையுள்ளோரில் 100,000 பேருக்கு 119 பேர், அதாவது ஏறத்தாழ 39 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர்.

பெயர்

மருத்துவர்கள் டிமென்சியா என்று குறிப்பிடுவதற்குத் தமிழில் முதுமை மறதி என்ற சொல் பரவலாக வழங்குகிறது. இங்கு அச்சொல்லின் இரு பாதிகளுமே பொருந்தவில்லை. நோயாளி முதியவர் அல்லர். பலருக்கு முதலில் கெடுவது நினைவாற்றலும் அன்று. சொல் தரும் இந்தத் தவறான எதிர்பார்ப்பினால், 48 வயதுடையவரின் நடத்தை மாறும்போது அதை நோயாக எண்ணிப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. சோம்பல், பொறுப்பின்மை, குடிப்பழக்கம், கள்ள உறவு என்றே காரணம் தேடப்படுகிறது.

வரலாறு

ஆல்சைமர் நோய் முதன்முதலில் விவரிக்கப்பட்டதே இளவயது நோயாளி ஒருவரைக் கொண்டுதான். செருமனியின் பிராங்க்ஃபுர்ட் நகரைச் சேர்ந்த ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணி 1901 நவம்பர் 25 அன்று அந்நகர மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51. அவருடைய கணவர் தொடர்வண்டித் துறையில் எழுத்தராகப் பணியாற்றியவர். முதலில் தென்பட்டது மறதியன்று, கணவர்மீது எழுந்த ஐயம். பின்னரே நினைவு விரைந்து குன்றியது. சொந்த வீட்டிலேயே வழி தெரியாமல் தடுமாறினார். பொருட்களை இங்குமங்கும் இழுத்துச் சென்று ஒளித்துவைத்தார். தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று கூச்சலிட்டார்.

மருத்துவர் அலோய்ஸ் ஆல்சைமர் அவரிடம் கேட்ட கேள்விகளும் பெற்ற விடைகளும் குறிப்பேட்டில் எஞ்சியுள்ளன. பெயர் என்ன என்றதற்கு ஆகுஸ்டே என்றார். குடும்பப் பெயர் என்ன என்றதற்கும் அதையே சொன்னார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் அதே விடைதான். காலிபிளவரும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருந்தவர், உண்பது கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னால் திருமதி என்ற சொல்லை எழுதியதும் அடுத்தது என்ன என்பது மறந்துவிடும். தம்மைத் தாமே தொலைத்துவிட்டதாக அவர் கூறியதும் அக்குறிப்புகளில் உண்டு. தமக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்பதை அவர் உணர்ந்தேயிருந்தார் என்பதற்கு இது சான்றாகும்.

ஆகுஸ்டே 1906 ஏப்ரல் 8 அன்று இறந்தார். அதற்குள் மியூனிக் சென்றுவிட்ட ஆல்சைமர், மூளையை அங்கு வரவழைத்து ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு இடையே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டார். 1906 நவம்பர் 3 அன்று டியூபிங்கனில் இதனை அறிவித்தார். 1910 இல் எமில் கிரெப்பெலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு ஆல்சைமரின் பெயரைச் சூட்டினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அப்பெயர் இளவயதினருக்கே உரியதாக இருந்தது. முதியோரின் தடுமாற்றம் மூப்பின் இயல்பாகக் கருதப்பட்டது. இரண்டும் ஒரே நோய்தான் என்று 1976 இல் ராபர்ட் காட்ஸ்மன் வலியுறுத்திய பின்னரே நிலைமை மாறியது. இன்றோ ஆல்சைமர் என்றதும் முதியவர்களே நினைவுக்கு வருகின்றனர். காணாமற்போயிருந்த ஆகுஸ்டேயின் கோப்பு 1995 இல் பிராங்க்ஃபுர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் மீண்டும் கிடைத்தது.

காரணங்கள்

இளவயதினரிடமும் ஆல்சைமர் நோயே முதன்மைக் காரணம். அடுத்து, மூளையின் முன்மடலையும் பக்கமடலையும் தாக்கும் முன்-பக்கமடல் மறதிநோய் முதியோரைவிட இவர்களிடம் கூடுதலான பங்கு வகிக்கிறது. பக்கவாதம், நெடுங்கால மதுப்பழக்கம், அண்டிங்டன் நோய் முதலியனவும் காரணமாகலாம். சில குடும்பங்களில் பிரிசெனிலின்-1, பிரிசெனிலின்-2, ஏபிபி ஆகிய மரபணுக்களில் ஒன்றில் உள்ள மாற்றம் தலைமுறைதோறும் நோயைக் கடத்துகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இம்மாற்றம் இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. எனினும் இளவயது நோயாளிகளில் பெரும்பாலோரிடம் இத்தகைய மாற்றம் காணப்படுவதில்லை.

அன்றாட வாழ்வில் மாற்றங்கள்

நோயின் முதல் தடயங்கள் பல வேளைகளில் வீட்டில் அன்றி அலுவலகத்தில் வெளிப்படுகின்றன. இருபது ஆண்டுகளாகச் செய்துவந்த மாதக் கணக்கை முடிக்க இருமடங்கு நேரமாகிறது. கூட்டத்தில் முடிவானது மறுநாள் நினைவில் இல்லை. புதிய மென்பொருளைக் கற்க இயலவில்லை. மேலாளர் எச்சரிக்கை கொடுக்கிறார். ஊழியர் தவறுகளை மறைக்கக் கூடுதல் நேரம் உழைக்கிறார். இறுதியில் வேலையை விட்டுவிடுகிறார். நோய் கண்டறியப்படுவது அதற்குப் பின்னர்தான்.

வீட்டில் முதலில் குலைவது படிப்படியாகச் செய்யவேண்டிய வேலைகள். தேநீர் போடுவது ஒரே செயல் போலத் தோன்றினாலும் அது பத்துப் பன்னிரண்டு படிகளின் கோவை. ஒவ்வொரு படியையும் தனித்தனியே செய்யத் தெரிந்தவருக்கும் அவற்றின் வரிசை தவறிவிடுகிறது: வெறும் பாத்திரம் அடுப்பில் காய்கிறது, சர்க்கரை இருமுறை விழுகிறது. சட்டையின்மேல் பனியன் அணிவதும் இதே வகைக் குழப்பமே. ஒருமுறை கட்டிய மின்கட்டணத்தை மீண்டும் கட்டுதல், தொலைபேசியில் பேசும் மோசடிக்காரரிடம் வங்கி விவரங்களைக் கூறிவிடுதல் போன்ற பண இழப்புகளும் நேர்கின்றன.

முன்-பக்கமடல் வகையில் நினைவு நெடுநாள் தப்பியிருக்கும், மாறுவது குணம். அன்பாக இருந்த தந்தை, மகள் அழுவதைக் கண்டும் தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்கமாட்டார். துக்க வீட்டில் உரக்கச் சிரிப்பார். இனிப்பை அளவின்றி உண்பார். தம்மிடம் மாற்றம் ஏதுமில்லை என்றே உறுதியாக நம்புவார். வேண்டுமென்றே செய்கிறார் என்று குடும்பத்தினர் கொள்ளும் சினமே இவ்வகையில் மிகுந்த துயரம் தருவது எனலாம். மற்றொரு வகையில் மூளையின் பின்பகுதி முதலில் தேய்கிறது. கண்கள் நலமாக இருந்தும், எதிரில் உள்ள கோப்பையை எடுக்கவோ வரியைப் பின்தொடர்ந்து படிக்கவோ முடியாது. ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட் தமக்கு இவ்வகை நோய் உள்ளதை 2007 டிசம்பரில், 59 ஆவது வயதில் வெளியிட்டார். தட்டச்சு செய்ய இயலாமற்போன பின்னர் வாயால் சொல்லியே நாவல்கள் எழுதி, 2015 மார்ச்சில் காலமானார்.

வாழ்க்கைத்துணை ஒரே வேளையில் வருவாய் ஈட்டுபவராகவும் பராமரிப்பவராகவும் ஆகவேண்டியுள்ளது. நோயாளி உடல்வலிமை உள்ளவராதலால் வெகுதூரம் நடந்து சென்றுவிடக்கூடும். தடுத்தால் எதிர்க்கவும் கூடும். பகல்நேரப் பராமரிப்பு இல்லங்கள் பெரும்பாலும் எண்பது வயதினருக்காக அமைந்தவை. அங்கு ஐம்பது வயதினர் ஒட்டுவதில்லை.

“நான் யார் சொல்லுங்கள்” என்று சோதிப்பது நோயாளியைக் கலங்கச் செய்வதன்றி வேறு பயன் தராது. பெயரைத் தாமே சொல்லிப் பேச்சைத் தொடங்குதல், ஒரு வேளையில் ஒரே ஒரு குறிப்பைக் கூறுதல், அணியவேண்டிய உடையை அணியும் வரிசையிலேயே அடுக்கிவைத்தல், எரிவாயு உருளையின் வால்வை மூடிவைத்தல் போன்றவை உதவுகின்றன. தேங்காய் துருவுதல், துணி மடித்தல் என இயன்ற வேலைகளை அவரிடமிருந்து பறிக்காமலிருப்பதும் முக்கியம்.

கண்டறிதலும் மருத்துவமும்

நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் உறுதியாக முதியோருக்குச் சராசரியாக 2.8 ஆண்டுகளும் இளவயதினருக்கு 4.4 ஆண்டுகளும் ஆயின. மனச்சோர்வு, மாதவிடாய் நிற்றல், பணி அழுத்தம் என்ற கருத்தில் சிகிச்சை அளிக்கப்படுவது இத்தாமதத்திற்கு ஒரு காரணம். தைராய்டுக் குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, மூளையில் நீர் தேங்குதல் முதலிய சரிசெய்யக்கூடிய காரணங்களும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும். ஆகவே இளவயதில் முழுமையான பரிசோதனை தவிர்க்கக்கூடாதது.

நோயை நீக்கும் மருந்து இல்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமாண்டின் ஆகியவை ஆல்சைமர் நோயின் அறிகுறிகளைச் சிறிது தணிக்கும். முன்-பக்கமடல் வகைக்குப் பயன்தருவதாகத் தெரியவரவில்லை. அமெரிக்காவில் 2023 இல் லெக்கானெமாப், 2024 இல் டோனானெமாப் ஆகியன ஆல்சைமர் நோயின் தொடக்கநிலைக்கு முழு ஒப்புதல் பெற்றன. இவை நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. மூளை வீக்கம், நுண்குருதிக்கசிவு ஆகிய பக்கவிளைவுகள் உள்ளமையால் தொடர் கண்காணிப்பு தேவை.

பணி மற்றும் சொத்து: இந்தியச் சட்டங்கள்

இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு நிறுவன ஊழியரைப் பணிநீக்கமோ பதவிக்குறைப்போ செய்யலாகாது. இயலாதபோது அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்றவேண்டும். நோய் தெரியுமுன்னரே விலகல் கடிதம் கொடுத்துவிட்டவருக்கு இப்பாதுகாப்பு எட்டுவது அரிது. பவர் பத்திரம் என்று வழக்கில் அழைக்கப்படும் அதிகார ஆவணத்தை எழுதிவைத்தால் போதுமென்று பலர் கருதுகின்றனர். ஆனால் 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, எழுதிக்கொடுத்தவர் மனத்தகுதியை இழந்ததும் அந்த அதிகாரம் முடிவுக்கு வந்துவிடுகிறது. அதன்பின் காப்பாளர் நியமனத்திற்கு நீதிமன்றத்தை நாட நேரிடலாம். எனவே கூட்டு வங்கிக் கணக்கு, உயில் ஆகியவற்றை நோயாளி புரிந்து கையொப்பமிடக்கூடிய காலத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மனநல மருத்துவம் எவ்வாறு அமையவேண்டும், தம் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைக்க 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வழிசெய்கிறது.